சிவப்புத் தாள்

கீழமாசி வீதியில் கண்ணாடிக் கடை எனக்கு.
கடைசி வரி தெரிகிறதா,
இது தெளிவா, இதுவா.
இருபத்திரண்டு வருடமாய் இதே இரண்டு கேள்வி.
மூன்று நாள் ஷட்டரை இறக்கிவிட்டு
வாடிப்பட்டிக்கு டிக்கெட் எடுத்தேன்.

குட்லாடம்பட்டி அருவி
பாறையில் ஈரக்கறையாக மட்டும் இருந்தது.
அங்கிருந்து நடை.
கட்டணத்தில் காலை இட்லியும் மலைப்பழமும் சேர்த்தி.
காட்டுமாடு சேர்த்தியா என்று கேட்டார்
தூத்துக்குடி பால்துரை,
முழங்கை நீள லென்சைத் தோளில் தொங்கவிட்டபடி.
"அது அன்னைக்கு அதோட சௌரியம் சார்"
என்றான் சோணைமுத்து.
வழிகாட்டி. ஒல்லி. பின்னால் திரும்பாமலே
எங்களில் யார் மூச்சு வாங்குகிறார் என்று
அவனுக்குத் தெரிந்தது.

முதல் நாள் சாணி பார்த்தோம்.
பல் டாக்டரும் அவர் மனைவியும்
மாறிமாறிக் குனிந்து படமெடுத்தார்கள்.
இரண்டாம் நாள்
மரப்பட்டையில் ஒட்டிய நாலு முடி,
தலையில் விழுந்த, பாதி கடித்த அத்திப்பழம்.
நிமிர்ந்தபோது கிளை மட்டும் ஆடியது.
மலையணில், என்றான் சோணைமுத்து,
எதிர்வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார்
என்று சொல்லும் குரலில்.
ரிஸ்வானாவின் நோட்டில் நாற்பத்து மூன்று பறவைகள்.
நான் பார்த்தது ஏழு.
மீதி முப்பத்தாறும் எனக்கு வெறும் சத்தம்.

கடைசி இரவு தேவாங்குக்கு.
அம்மன் கோவில் சீரியல் பல்பில் மிஞ்சிய சிவப்புத் தாளை
டார்ச் வாயில் கட்டி ரப்பர் போட்டான்.
வெள்ளை வெளிச்சம் அதுக்கு ஆகாதுங்க.
ஆகாதுதான். அவ்வளவு பெரிய பாவை
சுருங்குவதற்குள் குருடாகிவிடும்.
அந்த மலையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது,
சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

கீழே மதுரை, யாரோ தட்டிவிட்ட
அரிசித் தாம்பாளம் மாதிரி கிடந்தது.
வரிசையாக நடந்தோம். கடைசியில் நான்.
உசிலை மரத்தடி வளைவில்
சிவப்பு வெளிச்சம் ஒரு கிளையைத் தொட்டு
சுட்டுக்கொண்டதுபோல் இறங்கியது.
"இங்க ஒண்ணும் இல்ல. கல்லு, பாத்து வாங்க."

கடைசி வரியைப் படிக்கிறவன் நான்.
இரண்டு கங்கு.
அதற்குக் கீழே, வயிற்றோரம்,
இன்னும் இரண்டு, பொடிசாக.
பிறகு இலை மூடியது.
முன்னே போனவர்கள் கல்லைப் பார்த்துப் பார்த்து
நடந்தார்கள்.

முகாமில் கட்டஞ்சாயா.
பால்துரை காசுக் கணக்குப் பேசிவிட்டுத் தூங்கப் போனதும்
சோணைமுத்து என் பக்கத்தில் வந்து குந்தினான்.
"நீங்க நின்னீங்க" என்றான்.
ஆமாம் என்றேன்.
"போன பங்குனியில ஒருத்தர்.
நல்ல கேமரா. நல்ல பேச்சு. காட்டிக் குடுத்தேன்.
ஒரு வாரத்துல அந்த மரம் காலி.
கண்ணுக்குத்தான் கேக்குறாய்ங்களாம். மை பண்றதுக்கு."
டம்ளரை மண்ணில் தேய்த்தான்.
"இவரு அப்படி இல்லைன்னு தெரியும் சார்.
அவரும் அப்படி இல்லைன்னுதான் தெரிஞ்சுது."

விடியலில் வேன்.
ஒன்பதாம் வளைவில் சாலை நடுவே
வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு
காட்டுமாடு.
அசைபோட்டபடி எங்களை எண்ணியது.
பால்துரையின் லென்சு கூரையில்,
தார்ப்பாய்க்கு அடியில், கயிற்றுக் கட்டுக்குள்.
அவர் போட்ட சத்தத்தில்
அது ஒன்றும் அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் எல்லாரிடமும் பேசினார்கள்.
ராத்திரி நீங்க எதாச்சும் பாத்தீங்களா அண்ணாச்சி,
பின்னாலதான வந்தீங்க?
கண்ணாடியில் சோணைமுத்துவின் புருவம் தெரிந்தது.
"எனக்கு மாலைக்கண்ணுங்க" என்றேன்.

கண்ணாடிக் கடைக்காரருக்கா!
வாடிப்பட்டி வரைக்கும் வேன் சிரித்தது.
இறங்கும்போது மாசிலா டீச்சர்
என் கையைப் பிடித்து, நிஜமான கவலையோடு,
வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை
சாப்பிடச் சொன்னார்.

சாப்பிடுகிறேன்.