ஐம்பத்திரண்டாவது நிமிடம்

பிணமாக நடிக்க வேண்டியவன்
இரவு ஷிப்டுக்குப் போய்விட்டான்.
வேன் ஓட்டியவன், சாப்பாடு வாங்கியவன்,
யாரும் கேட்காத ரசீதுகளைச் சேர்த்து வைத்தவன் நான்.
யோரின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"படு" என்றாள்.

முக்ஹோ துறைமுகம். பிப்ரவரி.
கணவாய் வரத்து நின்று மூடப்போகும் ஐஸ் தொழிற்சாலை
ஒரே ஒரு ராத்திரிக்கு வாடகையில்.
அவளுக்கு முதல் படம்.
வீட்டு முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்
கேமரா எடுத்திருந்தாள்.
அன்றிலிருந்து தூக்கம்
என் வேனின் பின் இருக்கையில்,
திரைக்கதைக் கட்டைத் தலைக்கு வைத்து.

விளக்குக்கு ஏது காசு.
கணவாய்ப் படகுக்காரர் நாம்குங்
இரண்டு புட்டி சோஜுவுக்கு மசிந்து
பதினோரு நிமிடம் படகு விளக்குகளை எரித்தார்.
டீசல் கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எரித்தார்.
ஜன்னல் வழியே வந்த வெள்ளை
கண்ணைப் பிடுங்கியது.
கடலில் மிச்சமிருந்த கணவாயெல்லாம்
எங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

ரத்தம், ஓமிஜாப் பழப் பாகு.
பியோ ஐயாவின் மனைவி காய்ச்சிக் கொடுத்தது.
ஐந்து சுவை அதில் என்பார்கள்.
உதட்டோரம் வழிந்ததில்
எனக்குக் கிடைத்தது புளிப்பு மட்டும்.

பியோ ஐயாதான் கொலைகாரர்.
முப்பது வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களில்
டாக்ஸி ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர்,
"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்.
இந்த ஒரு படத்தில்தான் கடைசிவரை இருக்கிறார்.
என் காலைப் பிடித்து இழுத்துப் போய்
ஐஸ் பாளங்களுக்கு நடுவே கிடத்திக்
கதவைச் சாத்த வேண்டும்.
தலை தரையில் இடிக்காமலிருக்கத்
தன் கைக்குட்டையை மடித்து
என் காலருக்குள் செருகினார்.
பிறகு இழுத்தார்.

மூச்சைப் பிடித்தேன்.
முப்பத்தொன்பது வரை எண்ணினேன்.
நாற்பதில்
நூல் மாதிரி ஒரு வெண்மை
என் மூக்கிலிருந்து எழுந்து போனது.
கதவு மூடியது. விளக்கு அணைந்தது.
விடிந்ததும் இயந்திரங்களைக் கழற்ற
லாரி வந்துவிட்டது.

எடிட்டிங்கில்தான் தெரிந்தது.
சுவாசித்ததற்காக ஒருவன்
மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.
அழிக்க ஆள் உண்டு, அவனுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.
வெட்டினால் கதவு போய்விடும்.
கதவு போனால் படம் எங்கே.
"இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்" என்றாள் யோரின்,
திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தபடி.

தேகு நகரில் சின்ன அரங்கு.
பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் நாங்கள்.
படம் முடிந்ததும்
மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
"நான் நர்ஸ்.
நேரம் பார்ப்பது பழக்கம்.
ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவன் மூச்சு விட்டான்.
அப்படியென்றால் உயிரோடுதான் உள்ளே வைத்துச் சாத்தினாரா?"

யோரின் மைக்கைக் கை மாற்றினாள்.
அவள் எழுதிய கதையில்
நான் அடி விழுந்தவுடனே செத்துப்போனவன்.
கதவு, ஒளித்து வைக்க மட்டும்.

"ஆமாம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில்
படம் புரண்டு படுத்தது.
கதவுக்கு அடுத்த காட்சியில்
அவர் சூப்புக்கு உப்புப் போடப் போய்
நிறுத்துவாரே ஒரு கணம்,
உண்மையில் வசனம் மறந்துபோன கணம் அது.
இப்போது அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே பியோ ஐயா
பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றார்.
"உள்ளே நீ உயிரோடு இருந்தாயா?"
"நடிப்புதானே ஐயா."
"என்னிடம் யாரும் சொல்லவில்லையே."
"சொல்லியிருந்தால்?"
சிகரெட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம்
பேச்சு இல்லை.
வேனின் ஹீட்டரைக் கூட்டி
துவாரங்கள் இரண்டையும்
என் பக்கம் திருப்பி வைத்தார்.
வியர்த்தது.
சொல்லவில்லை, ஓட்டினேன்.