மறை பதினெட்டு

மட்டக்குளியில், களனி கடலோடு கலக்கிற பக்கம்
எங்கள் குளிர்க்களஞ்சியம்.
கதவுக்கு மேலே சிவப்பு இலக்கம்: மறை பதினெட்டு.
"உள்ளுக்க ஒண்டும் நடக்காது மிஸ்," என்பார் பெலிசியான்,
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி.
"கிருமியே விறைச்சுப் போய்க் கிடக்கு."

கிருமி விறைத்துத்தான் கிடக்கிறது. உண்மை.
ஆனால் சாளையின் வயிற்றோரம், தோலுக்குக் கீழே
கொழுப்பு விழித்திருக்கிறது.

எப்போதோ, படகிலிருந்து இறக்கிய மத்தியானத்தில்
ஒரு கீற்று வெயிலோ, இரத்தத்தின் துளி இரும்போ
ஓர் ஐதரசனைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.
மிஞ்சியது சோடியில்லாத ஓர் இலத்திரன்.
வழியில் வந்த ஒட்சிசனைக் கையோடு பிடித்துக்கொண்டது.
பிடித்தும் ஆறவில்லை;
பக்கத்துச் சங்கிலியில் கை வைத்தது.
இழந்தவன் அடுத்தவனிடம்.
அவன் அதற்கடுத்தவனிடம்.
பனிக்குள் மெல்ல மெல்லத்தான்,
என்றாலும்
ஒரு போயா விடுமுறைகூட இல்லாமல்.

முதல் மாதங்களில் எதுவும் மணக்காது.
உயிர்ச்சத்து ஈ தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கும்,
தீரும்வரை.
தீர்ந்த நாளை எவரும் குறித்துவைப்பதில்லை.

இன்று ஏழாம் மாதத்துப் பெட்டி.
அரைத்து, கொழுப்பைப் பிரித்து,
அயடைட்டு விட்டு இருட்டில் வைத்தேன்.
மாப்பொருள் சேர்த்ததும் குடுவை
மழைக்கு முந்திய முகத்துவாரம் போலக் கறுத்தது.
துளி. துளி.
பிறகு அரைத்துளி.
நீலம் எங்கே போயிற்றென்று தெரியாத இடத்தில்
அளவியை மூடினேன். இருபத்து மூன்று.
மறுபடி செய்தேன். இருபத்து மூன்றரை.
தாளில் எல்லை இருபது.

பெலிசியான் நம்பவில்லை. ஒரு துண்டைப் பொரித்துக்கொண்டு வந்தார்.
முதலில் உப்பு. பிறகு எண்ணெய்.
பிறகு, விழுங்கப்போகிற கணத்தில், நாக்கின் அடியில்
பழைய பெயின்ற் தகரம்.
அவரும் சப்புவதை நிறுத்தினார்.
"ஒருக்காவும் கரண்ட் போகேல்லையே," என்றார், என்னிடம் அல்ல.

சங்கிலி அறுவதற்கும் வழி உண்டு:
சோடியில்லாத இரண்டு எதிர்ப்பட்டால் போதும்,
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடங்கும்.
அத்தனை பனியில், அத்தனை இறுக்கத்தில்
ஒன்று மற்றதன் பக்கம் அசைவதுதான் பாடு.

நிராகரிப்புத் தாளில் ஒப்பமிட்டேன்.
வெளியே லொறி எஞ்சினை நிறுத்திவிட்டது.
பெலிசியான் கதவை இழுத்துச் சாத்தினார்;
றப்பர் விளிம்பைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்,
எங்கோ ஒரு நீக்கல் இருந்தே ஆகவேண்டும் என்பதுபோல,
மேலிருந்து கீழ்வரை,
இரண்டு தரம்.