அளவு மூடி

எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டில்
மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினால்
மருந்து சொல்லுவாள் என்று
எனக்கொரு பேர் இருந்தது.
பெற்றது இரண்டு.
மூத்தவளுக்கு வீசிங்,
சின்னவனுக்கு வலிப்பு வரைக்கும் போன காய்ச்சல்.
படித்தது பி.காம்.

நிலோஃபர் வந்தது
பங்குனிப் புழுக்கத்தில், ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு.
தோளில் அஃப்ரா, அனலாய்.
"பல்லு முளைக்கிற காய்ச்சல்தான்" என்றேன்
நெற்றியில் கை வைத்த மாத்திரத்தில்.
ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பாட்டில்,
மூடியில் ஐந்து எம்.எல். கோடு.
என் பையன் அப்போது பதினாறு கிலோ.
அவள் பிள்ளை எத்தனை என்று
நான் கேட்கவில்லை.
நம்பி வந்தவள்
தானாக எதைச் சொல்லுவாள்?

இரண்டாம் நாள் விடியுமுன்னே
பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பிய சத்தம்
படுக்கையில் கேட்டது எனக்கு.
மூத்திரத் தாரையில் கிருமியாம்.
ஒன்பது நாள் ஊசி.
பிழைத்துக்கொண்டது.
ஒரு சொல் சொல்லவில்லை நிலோஃபர்.
பெருநாளைக்குத் தூக்குவாளி நிறைய
பிரியாணிகூடக் கொடுத்துவிட்டாள்.
அதுதான் இன்னும் இறங்கவில்லை.

இப்போதும் தட்டுகிறார்கள்.
தெரியாது என்று கதவைச் சாத்திவிடலாம்.
சாத்தினால்,
புருஷன் ஷார்ஜாவில் இருக்கிற ஒருத்தி
அந்த நேரத்தில் வேறு எந்தக் கதவுக்குப் போவாள்?

கேட்கிறேன்:
எத்தனை கிலோ,
கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போச்சு,
பால் குடிக்குதா,
கூப்பிட்டால் முழிச்சுப் பார்க்குதா.
அவள் பாதி சொல்லும்போதே
என் கை ஆணியில் சாவியைத் துழாவுகிறது.

ஸ்கூட்டியில் இப்போதெல்லாம்
ரிசர்வ் விழ விடுவதில்லை.