ஐந்து கெஜம் பின்னால்

ஒன்பது வருடம்
பிராண்ட் லிண்ட்குவிஸ்டின் கைமுட்டிகள்
என் தொடையிடுக்கில் குளிர்காய்ந்தன.
ஈரி ஏரிக் காற்று அறைகிற நவம்பரில்
அவன் மனைவியைவிட எனக்குத்தான் தெரியும்
எந்த விரலில் வலி என்று.
குனிவேன். மூச்சு ஒன்று. மூச்சு இரண்டு.
பந்து கைமாறும்.
பிறகு மூன்று வினாடி
எவன்மேலாவது பீரோபோலச் சாய்வது.
அவ்வளவுதான் என் உத்தியோகம்.

அக்டோபரில் அவன் முழங்கால் போனது.
முறிகிற சத்தமில்லை,
தபால் உறையைக் கிழிக்கிற சத்தம்.

வந்தவனுக்கு வயது இருபத்தொன்று.
டவிடா லெயாடவா.
ஆட்டம் ஒன்றின் பெயர் அப்போது பதினான்கு சொல்.
"வலம் இரட்டை, நெருக்கு, எண்பத்தாறு..."
என்று தொடங்கி நடுவழியில் தொலைந்துபோவான்.
வளையமாய் நிற்கிற பத்துப் பேரும்
சில்லறையைத் தவறவிட்டவர்கள் மாதிரி
புல்லைப் பார்ப்போம்.

திங்கள் இரவு டாயில் ஹாஸ்கெட்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத் திட்டப்புத்தகத்தை
மேசையில் போட்டு
கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல் பிடுங்கினார்.
இருபது வருட எழுத்து.
மிஞ்சியது நாற்பத்தொரு பக்கம்.

பையன் ஓடிக்கொண்டே எறிந்தால் கெட்டிக்காரன்.
நின்றால் யோசிப்பான்,
யோசித்தால் விழுவான்.
ஆகவே நிற்காதே.
பாதி மைதானம் மட்டும் பார்.
முதல் ஆள். இல்லையா, இரண்டாம் ஆள்.
அவனும் இல்லையா, உன் கால்கள்.
பதினான்கு சொல் ஒரு சொல்லாயிற்று:
கரண்டி.
மழை.
லாந்தர்.

எனக்கு வந்த சேதி அதைவிடச் சின்னது:
"அவன் இனி உன்னை ஒட்டி நிற்கமாட்டான்.
ஐந்து கெஜம் பின்னால்."

முப்பத்துநான்கு வயதில்
காலிடுக்கு வழியே, திரும்பிப் பார்க்காமல்
எறியக் கற்றுக்கொண்டேன்.
ஹோட்டல் தாழ்வாரத்தில் தலையணையைக் குறிவைத்து.
கார் நிறுத்துமிடத்தில்
என் மகள் நோரின் அடுப்படிக் கையுறையோடு நிற்க.
பின்னால் யாருமில்லாமல் குனிவது
வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போல.
முதுகு விழித்துக்கொண்டே இருந்தது.

டலூத்தில், தூறலில்,
மூன்றாம் முயற்சி, எட்டு கெஜம் பாக்கி.
"லாந்தர்" என்றான்.
லாந்தர் என்றால் எல்லோரும் வலப்பக்கம்.
பந்து என் விரலில் வழுக்கி
தரையில் இரண்டு தரம் குதித்து
இடப்பக்கம் போனது, வேறு வேலை இருப்பதுபோல.

அணி மொத்தமும் வலது.
எதிரணியும் வலது.
அவன் மட்டும் இடப்பக்கம் ஓடி, பொறுக்கி,
நிற்காமல், யோசிக்காமல்
எறிந்தான்.
நான் மல்லாந்து கிடந்தேன்.
விளக்குக்கும் எனக்கும் நடுவே பந்து கடந்தது.
யாரோ இடித்துத் தள்ளி
அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த ஓஸ்கார் பெல்
என்ன ஏதென்று தெரியாமல் பிடித்தான்.
பதினெட்டு கெஜம்.

தோற்றோம்தான். நான்கு புள்ளியில்.

செவ்வாய் காலை
நாற்பத்திரண்டாம் பக்கம் வந்தது.
புள்ளிக்கோடாய்ப் பந்து இடப்பக்கம் உருள்கிறது.
எல்லா அம்பும் வலப்பக்கம் பொய் சொல்கிறது.
விழுந்து எழ வேண்டியவனுக்கு
ஒரு சின்னக் கொக்கி.
மேலே ஒற்றைச் சொல்: க்ராயெவ்ஸ்கி.

அது என் பெயர்.
பையன் சிரிக்கவில்லை,
எத்தனை தரம் குதிக்கும் என்று மட்டும் கேட்டான்.
இரண்டு, என்றேன்.

புதனும் வெள்ளியும்
மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு
நாங்கள் இருவரும் நிற்கிறோம், ஐந்து கெஜ இடைவெளியில்.
தவறாமல் தவறவிடப்
பழகிக்கொண்டிருக்கிறேன்.