மூன்றரை மரை

சோணைமுத்து அண்ணனுக்குக் காது கூர்மை.
சமயநல்லூரில் மைக் செட் வைத்திருக்கிறார்.
"பேச்சி, வண்டி ரெண்டு கட்டையில விசிலடிக்குது"
என்று விளாங்குடிக்கு ஓட்டிவந்து என் ஷெட்டில் நிறுத்தினார்.
பின்னால் நாலு பெட்டி, இரண்டு குழாய்.
விடிந்தால் வாடிப்பட்டியில் காதுகுத்து.

ஆம்னி. சீட்டைத் தூக்கினால் இன்ஜின்.
கேஸ் கிட்டைக் கழற்றியவன்
சிலிண்டரைக் கொண்டுபோனான், குழாயைக் கொண்டுபோனான்,
மேனிஃபோல்டில் போட்ட துளை இரண்டையும்
விட்டுவிட்டுப் போனான்.
துளையை எப்படிக் கழற்றுவது?

ஒன்றில் எம்சீல் உருண்டை,
பெட்ரோல் தின்று களியாய்க் கிடந்தது.
இன்னொன்றில் வேப்பங்குச்சி,
சைக்கிள் டியூப் சுற்றி.
கார்ப் கிளீனரைப் பீச்சினேன்.
இன்ஜின் திடுக்கிட்டு ஓர் எட்டு முன்னால் வைத்தது.
இங்கேதான்.

பக்கத்து ஷெட் லூர்து எட்டிப் பார்த்தான், வெல்டர்.
"ஒரு பொட்டு வச்சா முடிஞ்சுது."
அவன் கையைக் குறை சொல்ல மாட்டேன்.
ஆனால் இது வார்ப்பு அலுமினியம்,
இருபது வருசம் பெட்ரோலும் ஆயிலும் குடித்தது.
சூடு பட்டால் குடித்ததையெல்லாம் கக்கும்,
பொட்டு வைத்த இடம் புரையோடும், முகம் கோணும்.
கோணிய முகம் ஹெட்டோடு சேர்ந்து உட்காராது.
போன தையில் ஒரு எஸ்டீம்
அப்படித்தான் காயலான் கடைக்குப் போனது.
அவனுக்கும் தெரியும்.
பீடியோடு திரும்பிப் போனான்.

மேனிஃபோல்டை இறக்கினேன்.
இறக்காமல் செய்கிறவர்களும் உண்டு;
ஒரு சீவல் உள்ளே விழுந்தால்
பிஸ்டன் தலையில்தான் போய் உட்காரும்.

துளையை அடைக்க
முதலில் துளையைப் பெரிதாக்க வேண்டும்.
இந்த இடத்தில் எல்லோரும் பயப்படுவார்கள்.
"அடைக்கச் சொன்னா தோண்டுற" என்றார் அண்ணன்.
ஆறு புள்ளி எட்டு பிட்.
பிறகு டேப், நிமிர்த்திப் பிடித்து,
மண்ணெண்ணெய் ஒரு சொட்டு.
முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால்.
முன்னால் அரை, பின்னால் கால்.
அலுமினியம் வெண்ணெய் மாதிரி,
அவசரப்பட்டால் வெண்ணெயாகவே பிய்ந்தும் வரும்.

இந்த டேப் செட்டு
மூக்குத்தியை அடகு வைத்து வாங்கியது.
நகை மூழ்கிப் போனது.
ஒரு நாள் கண்ணாடியில் தேடினேன்,
துளை தூர்ந்து ஒரு புள்ளி.
யாரும் மரை போடவில்லை, அனபாண்ட் தடவவில்லை.
அலுமினியத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

சுவர் மெல்லிசு. மூன்றரை மரைதான் கிடைத்தது.
போதும்,
அங்கே உறிஞ்சல்தான், உதையில்லை.
பழைய தண்ணீர்க் குழாயின் பித்தளைத் தண்டை
டையில் கொடுத்து மரையெடுத்து அறுத்தேன்.
சூட்டில் பித்தளை
அலுமினியத்தோடு ஏறக்குறைய ஒன்றாய் விரியும்,
இரும்பு பின்தங்கிவிடும்.
அசிட்டோனில் துடைத்து, அனபாண்ட் வைத்து, முடுக்கி
உள்பக்கம் நீட்டிய மூக்கை அரத்தால் ராவினேன்.
கண்ணுக்கு இரண்டு மஞ்சள் பொட்டு.
விரலுக்கு ஒன்றுமே இல்லை.

பூட்டி, ஸ்டார்ட் செய்தபோது மணி ஆறேகால்.
அண்ணன் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்,
ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் தேடுகிறவர் போல.
வெகுநேரம்.
"விசில் போச்சு" என்றார்.
பிறகு முகம் சுருங்கி,
"இப்ப டப்பட்டு அடிக்கிது, பேச்சி."

அது வருசக்கணக்காய் அடிக்கிறது, அண்ணே.
விசில் மறைத்துக்கொண்டிருந்தது.

எண்ணூற்றைம்பது கேட்டேன். எழுநூறு தந்தார்,
மீதிக்கு நாளைக் கறிச்சோற்றுக்கு வரச்சொன்னார்.
போகும்போது
பெஞ்சில் கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து
டியூப் துண்டோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
நான் பார்க்கவில்லை என்று நினைத்து.