ஒய்யா, என்னா

ஈஜிபுரத்தில் மழை.
பாதியில் நிற்கும் மேம்பாலத் தூண்களுக்குக் கீழே
ஆட்டோக்கள் ஒதுங்கி ஹார்ன் அடிக்கின்றன.
பதினொன்றே காலுக்கு
என் மடிக்கணினி பேச்சை நிறுத்திற்று.

செத்துவிடவில்லை. உள்ளே விசிறி சுற்றுகிறது,
உள்ளங்கையில் சூடு தெரிகிறது.
திரையில் வெளிச்சம்கூட இருக்கலாம்.
அதனால் எனக்கு
பிறந்ததிலிருந்து ஒரு பைசா லாபமில்லை.

மாலையில்தான் அப்டேட் கொடுத்தேன்.
ஆபீஸ் மீட்டிங்கில் திரையைப் பகிர வேண்டுமாம்
(திரையைப் பகிர, நான்!).
அதற்கென்று பைப்வயர் உள்ளே வந்திருக்கிறது.
வந்த வேகத்தில் சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டது.
பல்ஸ்ஆடியோ பழைய குடித்தனம்,
சாவி கையில் இருந்தும்
வெளியே நின்று கதவைத் தட்டுகிறது.
இவ்வளவும் என் ஊகம்.
ஊகம் சரியா என்று பார்க்கக் குரல் வேண்டும்.
போன குரலைக் கொண்டுவரவும்
குரல்தான் வேண்டும்.

பிஜி சமையலறையில் பாத்திரம் உருள்கிறது.
சுபல் பெஹெரா, பாலேஸ்வர் பக்கம்.
கூப்பிட்டதும் மாவுக் கையோடு வந்து உட்கார்ந்தான்.
இங்கிலீஷ் வராது அண்ணா, எழுத்து மட்டும் தெரியும்.
எழுத்து போதும், என்றேன்.

பி. ஐ. பி. இ.
டபிள்யூ. ஐ. ஆர். இ.
அப்புறம் ஒரு கோடு.
கோடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா?
படுத்திருக்கிறது.
பி. யு. எல்.
ஒவ்வொன்றாகத் தட்டி என் முன்னால் வைக்கிறான்.
நான் அடுக்கி அடுக்கிச் சொல்லாக்குகிறேன்.
ஒரு பிழைச் செய்திக்கு இருபது நிமிஷம்.

புதியதை வைக்கப் பழையதை எடுக்க வேண்டும்.
பழையதை எடுத்தால் ப்ளூடூத் உடையும்.
போன மாதம் சம்பளத்தன்று வாங்கிய ஹெட்செட்
பழையதை நம்பித்தான் பிழைக்கிறது.
எடுக்கட்டுமா என்று அதுவே கேட்டு,
ஆமாம் என்றால்
எடுக்க முடியாது என்று அதுவே சொல்கிறது.
மறுபடி அடித்தால் மறுபடி அதே கேள்வி,
முடிவில் ஒரு ஒய், ஒரு என்.

ஒய்யா, என்னா?
சுபலுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது.

என்ன தகராறு என்று கேட்டான்.
என் உடைசல் இந்தியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மாவை உரித்துக்கொண்டிருந்தான்.
எங்கள் அறையிலும் மூன்று பேருக்கு இரண்டு கட்டில்.
நைட் ஷிப்ட்காரனுக்கு லீவு வந்தால்தான் சண்டை.
அன்றைக்கு என்ன செய்வீர்கள்?
ஒருத்தன் அரிசி மூட்டை மேல் படுப்பான்.
யார்?
பி, யு, எல் என்று
விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் புரிந்தது, வரிசை தப்பு.
முதலில் அந்த ப்ளூடூத் துண்டைக் கழற்ற வேண்டும்.
அதற்குப் பிறகு பழையதை.
ஹெட்செட்டைப் புதியதே பார்த்துக்கொள்ளும்.
தட்டச்சு என் விரல்களுக்குப் பழக்கம்,
எஃப்பிலும் ஜேயிலும் மேடு இருக்கிறது.
எழுதினேன். அவன் வாசித்தான்.
ஒய்யா, என்னா?
ஒய்.
நானே அமுக்குகிறேன் அண்ணா, என்றான்.

மறுபடி ஏற்றியதும்
ஸ்டீல் தட்டில் சில்லறை கொட்டியதுபோல் ஒரு சத்தம்.
சுபல் எழுந்துவிட்டான். யாரைத் திட்டுகிறது?
திட்டவில்லை, நான் கேட்கிற வேகம் அது.
அவனுக்காகக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
எழுத்தெழுத்தாக வைத்தபோது
காதைக் கிட்டே கொண்டுபோனான்.
இப்போது என்னை மாதிரிதான் வாசிக்கிறது, என்றான்,
என்னைவிடக் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு.

படியிறங்கும் செருப்புச் சத்தம்.
எந்தக் கட்டிலுக்கு என்று கேட்கவில்லை.

காலையில் வேலைக்கு உட்கார்ந்தேன்.
ஒய் மட்டும் லேசில் அமுங்கவில்லை.
நகத்தால் சுரண்டினேன்,
காய்ந்த மாவு.