தரம் பிரித்தல்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில் எனக்கு வேலை.
வருகிற ஒவ்வொரு ஷீட்டையும்
வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்.
குமிழ் இருக்கிறதா, பூப்பிடித்திருக்கிறதா,
புகை சரியாக ஏறித் தேன்நிறம் வந்திருக்கிறதா.
நாலாம் தரம். ஐந்தாம் தரம்.
ஒட்டுபால் தனியாக.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்
திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்
என் வயிற்றின் படத்தை
அப்படியேதான் தூக்கிப் பிடித்தார்.
பித்தக்குழாய்கள்.
சுருங்கி, வீங்கி, மறுபடி சுருங்கி.
"மணி கோத்த மாதிரி இருக்கு, பாத்தீங்களா?"
பார்த்தேன்.
கழுத்தில் கிடந்த ஜெபமாலையை
அன்றைக்கு என்னவோ தொடப் பிடிக்கவில்லை.

எதனால வந்தது?
தெரியாது.
எதனால போகும்?
அதே பதில்தான்,
கொஞ்சம் மெதுவான குரலில்.

ஈரல் என்றதும்
ஊர் முதலில் என் வாயை மோந்து பார்த்தது.
கிறிஸ்துமஸ் கேக்கில் விழுந்த ரம்மைத் தவிர
ஒரு சொட்டு தொட்டதில்லை நான்.
அடுத்த வீட்டு லில்லிபுஷ்பம் மட்டும்
கீழாநெல்லியை வேரோடு அரைத்து
மோரில் கலக்கி ஏழு நாள் கொண்டுவந்தாள்.
அவளுக்காகக் குடித்தேன்.
எட்டாம் நாள் சொன்னேன்:
அக்கா, இது வந்துட்டுப் போற காமாலை இல்ல,
கூடவே குடியிருக்கிற சாதியாக்கும்.
கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்தாள்.
"அப்ப அதுக்கும் ஒரு பாய எடுத்துப் போடு."

பாய் போட்டும் அது படுப்பதில்லை.
நடுராத்திரி உள்ளங்கையில் தொடங்கும்,
பிறகு பாதத்தில்,
நகம் எட்டாத ஆழத்தில் ஓர் அரிப்பு.
சீப்பு. தேங்காய்ச் சவுரி. ஈரச் சிமெண்ட் தரை.
கடைசியில் தண்ணீர் நிறைந்த செம்பின்
குளிர்ந்த வயிறு.
சூசைமிக்கேல் எழுந்து உட்கார்ந்து
என்ன என்று கேட்பது நின்று ஆறு வருஷம்.
குறையாகச் சொல்லவில்லை.
தூக்கத்திலேயே ஃபேனைக் கூட்டி வைக்க
அவர் கை பழகிவிட்டது.

இரண்டு மணிக்கு எதிர்த் தோட்டத்தில்
தலைவிளக்குகள் வரும்.
பால்வெட்டுகாரர்கள்.
ஒரு மரம், ஒரு கோடு, அடுத்த மரம்.
சன்னல் கம்பியில் உள்ளங்கையைத் தேய்த்தபடி
எண்ணிக்கொண்டிருப்பேன்.
அதில் ஒரு விளக்கு டென்னிஸுடையது.
ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டார்,
"நீங்க உறங்கவே மாட்டியளா?"
"நீங்க வெட்டி முடிச்ச பெறவாக்கும்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
குழாய்க்குள் வைத்த குழாயை மாற்ற வேண்டும்.
பேனா ரீஃபில் கனம்கூட இல்லாதது,
அதுவும் அடைத்துக்கொள்ளும்.
அடைத்தால் பல் கிட்டித்து நடுக்கம்.
அதற்கென்று கட்டிலுக்கடியில் ஒரு பை,
நைட்டி, தம்ளர், தடித்த ஃபைல்,
அவிழ்ப்பதே இல்லை.

களியக்காவிளை தாண்டியதும்
கடைப்பலகைகள் மலையாளத்துக்கு மாறும்.
பழைய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார்.
இப்போது இருக்கிறவள் சின்னவள்.
இந்த முறை ஓர் எண் சொன்னாள்: பதினொன்று.
மாற்று ஈரலுக்கு வரிசையில் நிற்க
அது போதாது.
முழுநாள் கடையில் நிற்க
அது கூடுதல்.
சிரித்துவிட்டேன்.
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில ஒரு ஷீட் வந்தா
நாங்க என்ன செய்வோம் தெரியுமா டாக்டர்?
"என்ன செய்வீங்க?"
ஓரமா மாட்டிப் போட்டு
நாலு நாள் கழிச்சு மறுபடி பாப்போம்.
மருந்துச் சீட்டில் அடுத்த தேதியை எழுதியபடியே
"நானும் அதுதானே செய்றேன்" என்றாள்.

நேற்று டென்னிஸ் தன் பங்கு ஷீட்டைக் கொண்டுவந்தார்.
தூக்கிப் பிடித்தேன்.
அதற்குப் பின்னால் என் விரல்கள்
எது ஷீட் எது தோல் என்று
ஒரு நொடி பிரிக்க முடியவில்லை.
மூலையில் குமிழ் இருந்தது.
நாலாம் தரம் என்றே எழுதினேன்.
அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பணத்தை எண்ணி மடித்துவிட்டு
மேற்கே வானத்தைக் காட்டினார்:
"மழ வருது. இன்னைக்கு ராத்திரி வெட்டு இல்ல."

அப்படியானால் விளக்குகள் வராது.
சீப்பை எங்கே வைத்தேன்
என்று தேட வேண்டும்.